காற்றின் மேல் போட்ட பழி

காற்றின் மேல் கேஸ் எழுதிய ஊர் ஒன்று உண்டு என்று சொன்னால் நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். தென்காசிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, காற்றாலைகள் வரிசை கட்டி நிற்கும் பொத்தை என்கிற மொட்டைக் குன்றைச் சுற்றிக்கொண்டு வந்து, காத்தடிச்சான்குளம் விலக்கில் இறங்கி, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் சற்று நேரம் சும்மா நின்றால் போதும், காற்றே வந்து காதோடு சொல்லிவிட்டுப் போகும். அந்த ஊரில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் தங்கபுஷ்பம், புருஷன் பேச்சிமுத்துவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கும் புதிதாக மாட்டிய புருஷன் படத்துக்கும் பொதுவாக ஒரு ஊதுபத்தி ஏற்றி வைத்துவிட்டு, கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்கினாள். அது எழுந்திருக்கவில்லை.

உள்ளே விசிறி அரைச்சுற்று சுற்றி நின்றது, விளக்கு ஒரு தடவை கண்ணைத் திறந்து மூடியது, திரை கருப்பாகவே கிடந்தது. அழுது அழுது கண் வற்றிப் போயிருந்தவளுக்கு இதற்கென்று தனியாக அழ ஒன்றும் மிச்சமில்லை, ஆகவே அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள். ஒயரைப் பிடுங்கி வேறு பிளக்கில் செருகினாள், கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினாள், ராம் என்கிற அந்தப் பச்சைப் பட்டையை உருவி அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்து, வாயால் ஊதித் திரும்பச் செருகினாள். பாதி நோய் இந்த வைத்தியத்திலேயே தீர்ந்துவிடும் என்பது அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். தீரவில்லை. கடிகாரத்துக்கு உயிர் கொடுக்கிற காசு போன்ற பேட்டரியை மாற்றினாள், அப்படியும் தீரவில்லை. கடைசியில் கரண்ட் ஒயரை அடியோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, கேபினட்டைத் திருப்பி வைக்கலாம் என்று பின்பக்கம் கையைக் கொடுத்தபோது, கரண்டே இல்லாத பெட்டியில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, அதிலிருந்து குளுகுளுவென்று, குற்றாலச் சாரல் வாசமும் எள்ளுக்காட்டு வாசமும் கலந்து, காற்று வந்துகொண்டிருந்தது.

தங்கபுஷ்பம் கையை எடுக்கவில்லை. முந்தானை படபடக்க, "வந்துட்டியா? ஒனக்கும் இந்த ஊர்ல வேற போக்கிடம் இல்ல, என்ன?" என்று கேட்டாள். வாசலுக்கு வந்து பார்த்தாள். பஸ் ஸ்டாப்பு வேம்பில் ஒரு இலை அசையவில்லை. எதிரே டீக்கடை குத்தாலிங்கத்தின் அடுப்புப் புகை வெளியே போக வழி தெரியாமல் கடைக்குள்ளேயே நின்றது. மேற்கே பொத்தை மேலிருந்த காற்றாலைகள் அத்தனையும் கையைத் தொங்கப் போட்டிருந்தன.

காற்று ஏன் அவளைத் தேடி வந்தது என்று தெரிய வேண்டுமானால் அந்த ஆனி மாதத்தின் முதல் முகூர்த்தத்துக்குப் போக வேண்டும். அன்றைக்குக் கோமதிநாயகம் அண்ணாச்சியின் பேரனுக்குக் காதுகுத்து. பொத்தையின் சரிவெல்லாம் அண்ணாச்சியின் நிலம், அதில்தான் காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் இறக்கை நட்டிருந்தார்கள், ஆகவே காற்று அடிக்க அடிக்க அவர் வீட்டில் லட்சுமி நடந்தாள். "காத்து எங்க வீட்டுப் பண்ணையாள்லா" என்று அவர் மீசையை நீவிக்கொண்டு சொல்வதை ஊர் கேட்டுச் சிரிக்கும், சிரிக்கத்தானே வேண்டும். காதுகுத்துக்குக் கல்யாண மண்டபத்து முக்கில் மூன்று ஆள் உயரத்துக்கு ஒரு பேனர் வேண்டும் என்றார். தங்கபுஷ்பம்தான் படம் போட்டாள். காது குத்தப் போகிற பிள்ளையை ஒரு மூலையில் பொட்டுப்போல வைத்துவிட்டு, கைகூப்பிய அண்ணாச்சியை நடுவில் மலை மாதிரி நிறுத்தி, கன்னத்து மருவை அழித்து, முகத்தை வெளுப்பாக்கி, தலைக்குப் பின்னால் ஒளிவட்டமும் வைத்துக் கொடுத்தாள். வயிற்றுப் பிழைப்பு. படம் போடுவது அவள் வேலை, சவுக்குக் கம்பு நட்டுக் கட்டுவது பேச்சிமுத்து வேலை.

பெரிய ஃப்ளெக்ஸ் என்றால் அதில் நாலைந்து இடத்தில் பிறைநிலா மாதிரி கீறிவிட வேண்டும், அப்போதுதான் அடிக்கிற காற்று அதன் வழியே நுழைந்து தன் பாட்டுக்குப் போகும். பேச்சிமுத்து பிச்சுவாக் கத்தியை எடுத்தபோது, அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே கீறினாலும் அவர் முகத்திலும் நெஞ்சிலும்தான் கீற வேண்டியிருந்தது, அவ்வளவு பெரிதாக அவரே நிறைந்திருந்தார். பேச்சிமுத்து அதிர்ந்து பேசத் தெரியாதவன். "அண்ணாச்சி, கீறலைன்னா பாய்மரம் கணக்கா இழுத்துரும்" என்றான். "என் மூஞ்சியில ஓட்டை போடுவியால?" என்றார் அண்ணாச்சி, மண்டபத்து வாசலில் நின்ற ஊர்க்கூட்டம் முழுக்கக் கேட்கும்படி. "ஒழுங்கா ஏறிக் கட்டுல." பேச்சிமுத்து கடைக்குப் போன் போட்டு, "புஷ்பம், ஓட்டை வேண்டாம்ங்காவ, என்ன செய்ய?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அண்ணாச்சி மறுபடியும் போட்ட அதே சத்தம் போன் வழியாக அவள் காதிலும் விழுந்தது. பேரன் காதில் ஓட்டை போடுவது விசேஷமாம், தாத்தா படத்தில் போட்டால் குத்தமாம் என்று சொல்லி அவள்கூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றும்.

பந்தி ஓடிக்கொண்டிருந்தபோது, உச்சிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த பேச்சிமுத்துவோடு சேர்ந்து பேனர் சாய்ந்தது. அன்றைக்கு அடித்தது வேட்டி காய்கிற அளவுக்கான காற்றுதான். ஆனால் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் கேட்டபோது, அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு "காத்து சார், பேய்க்காத்து" என்றார், அவர் பின்னால் நின்ற குத்தாலிங்கம் "ஆமா சார், காத்து" என்றான், அவன் பின்னால் நின்றவர்கள், பாயசம் குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு, ஆண்களும் பெண்களுமாக, "காத்து, காத்து" என்றார்கள். பேரனுக்குக் குத்திய கையோடு ஊருக்கும் சேர்த்து அண்ணாச்சி காது குத்திவிட்டார், ஊரும் வலிக்காத மாதிரி காட்டிக்கொண்டு நின்றது. தங்கபுஷ்பம் ஒருத்திதான், தலைமயிர் அவிழ்ந்து கிடக்க, "காத்து இல்ல சார், காத்து மேல பழி போடாதீங்க" என்று கத்தினாள். துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று நாலு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள். பலத்த காற்று காரணம் என்று எழுதி முடித்தார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

காற்றுக்கும் மானம் உண்டு. அது பதினாறு கழியும்வரை பொறுத்திருந்து, ஊரில் தன் பக்கம் பேசிய ஒரே வீட்டுக்குப் போய்க் குடியேறிவிட்டது.

திருநெல்வேலியிலிருந்து ஜெபக்குமார் என்கிற மெக்கானிக் வந்தான். பவர் சப்ளையைக் கழற்றித் தன் கடைக்குக் கொண்டுபோனான், அங்கே நன்றாக ஓடியது, இங்கே கொண்டுவந்து மாட்டினால் படுத்துக்கொண்டது. புது ராம் போட்டான், புது போர்டே போட்டான், பலனில்லை. முகத்தில் அடிக்கிற காற்றில் நெற்றிமயிர் பறக்க, குனிந்து உட்கார்ந்துகொண்டு அவன் சொன்னான்:

"ஹார்டுவேர்லதான் குத்தம் இருக்கு அக்கா, அது நிச்சயம். எந்த ஹார்டுவேர்ங்கதுதான் தெரியல. எங்க தொழில்ல இதுக்கு ஒரே வழிதான் உண்டு. ஒண்ணொண்ணா கழட்டி வச்சுப் பாக்கணும். எல்லாத்தையும் கழட்டுன பெறகு எது மிச்சம் நிக்குதோ, அதுதான் குத்தவாளி."

போகிறபோது சின்னதாக ஒரு ஸ்பீக்கரை போர்டில் மாட்டிவிட்டுப் போனான். "இனிமே அதுவே சொல்லும். நீளமா அழுதா உள்ள எங்கயோ குத்தம். ஒரே ஒரு பீப், சின்னதா, சுருக்கா வந்துச்சுன்னா எல்லாம் சரியாயிட்டுன்னு அர்த்தம்."

ஊருக்கு விஷயம் தெரிந்துபோனது. தெரிந்ததும் ஊர் என்ன செய்தது என்றால், ஆச்சரியப்படவில்லை, பாத்திரம் பண்டத்தோடு வந்தது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று சும்மாவா சொன்னார்கள். முறத்தில் உளுந்தை எடுத்துக்கொண்டு பெண்கள் ஃப்ளெக்ஸ் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள், தங்கபுஷ்பம் கேபினட்டை வாசற்படி ஓரமாக முதுகு காட்டி வைத்தாள், அவர்கள் ஒவ்வொருவராக அதன் பின்னால் நின்று தூற்றினார்கள், உமி ரோடு தாண்டிப் போய் விழுந்தது. தலைக்குக் குளித்தவர்கள் முடி உலர்த்த வந்தார்கள், கூழ்வத்தல் போட்டவர்கள் தாம்பாளத்தோடு வந்தார்கள், தூங்காத பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு வந்து, அந்தக் காற்றில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, தூங்கின பிள்ளைகளோடு திரும்பிப் போனார்கள். வெயில் காலத்தை விட மோசமாக ஊர் வெந்துகொண்டிருந்தது, துவைத்த துணி காயவில்லை, குப்பையின் நாற்றம் கிடந்த இடத்திலேயே கிடந்தது, கோயில் விளக்கின் சுடர் வரைந்து வைத்த மாதிரி நிமிர்ந்து நின்றது. ஆடி பிறந்தது. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும் என்பார்கள், அந்த ஆடியில் காத்தடிச்சான்குளத்தில் ஒரு கோழி இறகுகூடப் பறக்கவில்லை.

"பேச்சிமுத்துதான் உள்ள வந்து இருக்கான், பாவம்" என்று வாசலில் ஒருத்தி சொன்னாள், சொல்லிக் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"அவிய இல்ல" என்றாள் தங்கபுஷ்பம். "அவியளுக்கு இவ்வளவு கோவமெல்லாம் வராது."

அவள் யாரையும் வாசலை விட்டு விரட்டவில்லை. விரட்டாததற்குக் காரணம் இரக்கம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொருத்தர் வந்து நிற்கும்போதும் அவள் மனசுக்குள் அந்த வாயை அடையாளம் வைத்துக்கொண்டாள், இந்த வாயும் காத்து என்று சொல்லிச்சு, இந்த வாயும் சொல்லிச்சு என்று. வயிற்றில் ஒரு தணல் கிடந்தது, அதைச் சாம்பல் மூடவிடாமல் பத்திரமாக வைத்திருந்தாள்.

அண்ணாச்சி முதலில் பேய் ஓட்டுகிற ஒரு கோடாங்கியை அனுப்பினார். வந்தவர் கேபினட்டின் முன்னால் உட்கார்ந்து உடுக்கை அடித்து, "யாரு நீ, சொல்லு" என்று அதட்டித் திருநீற்றை வீசினார், வீசிய திருநீறு திரும்பி அவர் வாயிலேயே விழுந்தது. துப்பிவிட்டு எழுந்தார். "காத்து கருப்புன்னு சேத்துத்தான சொல்லுதோம். இங்க காத்து மட்டுந்தான் இருக்கு, கருப்பைக் காணும். வெறும் காத்தை நான் எதைச் சொல்லி விரட்ட?" என்று தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு அண்ணாச்சி பெட்டியையே விலைக்குக் கேட்டு ஆள் அனுப்பினார். "தூக்க முடிஞ்சா தூக்கிட்டுப் போங்க" என்றாள் தங்கபுஷ்பம். நாலு தடிமாடுகள் குனிந்து பிடித்துத் தம் கட்டினார்கள், அம்மியைப் பறக்க வைக்கிற காற்று அம்மி மாதிரி உட்கார்ந்திருந்தது, ஒருத்தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

முதலில் வழி கண்டவன் டீக்கடை குத்தாலிங்கம். புகையில் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்துபோய், வியாபாரமும் படுத்துப்போய், ஒரு நாள் மத்தியானம் தோளில் துண்டோடு வந்து நின்றான்.

"புஷ்பம், நான் அன்னைக்குச் சொன்னது பொய்தான். அண்ணாச்சி சொன்னதை என் ரெண்டு காதாலயும் கேட்டேன். பயந்துட்டேன்."

அவள் தலை நிமிரவில்லை. "எங்கிட்ட எதுக்கு சொல்லுதிய? பழியை எம் மேலயா போட்டிய? போட்ட இடத்துல போய் எடுங்க" என்று கேபினட்டைக் காட்டினாள்.

குத்தாலிங்கம் பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, பிள்ளையிடம் பேசுகிற மாதிரி மெதுவாக, "ஒம் மேல குத்தமில்ல. ஓட்டை போடாதேன்னு அவரு சொன்னாரு. நான் கேட்டேன். கேட்டுட்டு ஒன்னையச் சொன்னேன்" என்றான். பெட்டி ஒரு பெருமூச்சு விட்டது. அவன் எழுந்து ரோட்டைத் தாண்டிப் போகையில், அவன் பின்னாலேயே தாய்ப்பசுவைத் தொடர்கிற கன்று மாதிரி ஒரு துண்டுக் காற்று தரையில் தூசி கிளப்பிக்கொண்டு போயிற்று, கடைக்குள் நுழைந்து அத்தனை நாள் புகையையும் வாரி வெளியே எறிந்தது.

அதற்கப்புறம் ஊருக்குப் புரிந்துவிட்டது. பழி என்கிற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு வேலை உண்டு. ஒருத்தர் மேல் போடுவதும் அதுதான், ஒருத்தரிடம் வாங்குவதும் அதுதான், போட்டவன் வந்து எடுக்காவிட்டால், சுமந்தது பழி வாங்காமல் விடாது. உளுந்து தூற்ற நின்ற அதே வரிசையில் இப்போது முறமில்லாமல் நின்றார்கள். தலையாரி வந்தார், பூக்காரி வந்தாள், பந்தியில் சாம்பார் வாளி தூக்கியவன் வந்தான், அண்ணாச்சியின் சொந்த அக்காள் மகனே முக்காடு போட்ட மாதிரி துண்டைப் போட்டுக்கொண்டு வந்தான். ஒவ்வொருவரும் குனிந்து, வாயைப் பெட்டியிடம் கொண்டுபோய், போட்டதை எடுத்துக்கொண்டு, தன் பங்குக் காற்றோடு வீட்டுக்குப் போனார்கள். தெருத்தெருவாகக் கொடியில் சேலைகள் ஆட ஆரம்பித்தன. சிலர் போகிறபோது தங்கபுஷ்பத்தின் முன்னால் நின்று, "எங்கள மன்னிச்சிரு தாயி" என்று கையைப் பிசைந்தார்கள்.

"அது மன்னிச்சிருக்கும். நான் மன்னிக்கல" என்றாள் அவள், பசைவாளியைக் கழுவிக்கொண்டே. "பேனர் வேணும்னா, இது எந்திரிச்ச பெறகு வாங்க, அடிச்சுத் தாரேன்."

பெட்டியிலிருந்து ஊர்க்காற்றெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போன பிறகும் விசிறி நிற்கவில்லை. ஒரே ஒரு காற்று உள்ளே மிச்சமிருந்தது, குளிர்ச்சியெல்லாம் போய், உலைக்களத் துருத்தி மாதிரி சூடாக ஊதியது. ஊரெங்கும் வேம்பு ஆடியது, பொத்தைச் சரிவில் மட்டும் ஒரு புல் ஆடவில்லை, அண்ணாச்சியின் நிலத்து எல்லைக்கல் வரைக்கும் வந்த காற்று அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனது. காற்றாலைகளைப் பிடுங்கி வேறு ஊருக்குக் கொண்டுபோகப் போகிறோம் என்று கம்பெனிக்காரர்கள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். எல்லாத்தையும் கழட்டுன பெறகு எது மிச்சம் நிக்குதோ என்று ஜெபக்குமார் சொன்னது தங்கபுஷ்பத்துக்கு ஞாபகம் வந்தது. அவள் அவசரப்படவில்லை. கரண்ட் ஒயரை எடுத்துப் பிளக்கில் செருகி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

ஆடி கடைசியில் ஒரு முற்பகல் வேளையில் கோமதிநாயகம் அண்ணாச்சி வந்தார். கார் உள்ளே நுழைய முடியாத அளவுக்கு ஊர் கூடிவிட்டிருந்தது, விலக்கிக்கொண்டு நடந்தே வந்தார். வேட்டி மடிப்புக் கலையவில்லை, மீசை மட்டும் வியர்வையில் தொங்கியிருந்தது.

"வாங்க அண்ணாச்சி" என்றாள் தங்கபுஷ்பம். உட்காரச் சொல்லவில்லை.

"என்னம்மா சொல்லணும்?"

"எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம். அதுகிட்ட சொல்லுங்க. சரியா இருந்தா அதுவே எந்திரிக்கும்." பொத்தானை அமுக்கினாள்.

அண்ணாச்சி கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேடையில் பேசுகிற குரலில், "நடந்தது துரதிர்ஷ்டம். யார் மேலயும் குத்தமில்ல" என்றார். பெட்டி நீளமாக அழுதது. அந்தச் சின்ன ஸ்பீக்கரிலிருந்து இவ்வளவு சத்தம் வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள், காதைப் பொத்திக்கொண்டார்கள். தங்கபுஷ்பம் அமுக்கி நிறுத்தினாள், மறுபடி அமுக்கினாள்.

"காத்து மேல குத்தமில்ல, கயிறு சரியில்ல" என்றார். அழுகை. கயிற்றை எடுத்துவிட்டு, "கம்பு சரியில்ல" என்றார். அழுகை. கம்பையும் எடுத்துவிட்டு, "பேச்சிமுத்து அசந்துட்டான்" என்றபோது பெட்டி அலறிய அலறலில் டீக்கடை பெஞ்சில் இருந்த கண்ணாடித் தம்ளர் விரிசல் விட்டது. தங்கபுஷ்பம் நிதானமாக நிறுத்தி, திரும்ப அமுக்கினாள். ராமை எடுத்துத் தேய்த்துப் பார்க்கிற மாதிரி, பேட்டரியை மாற்றிப் பார்க்கிற மாதிரி, அவர் ஒவ்வொரு பொய்யாகக் கழற்றிக் கழற்றிக் கீழே வைத்துக்கொண்டிருந்தார், அவள் ஒவ்வொரு தடவையும் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தாள், வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கூட்டத்தில் ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. அவர் அவமானப்படுவதைப் பார்க்கப் பார்க்க அவள் வயிற்றுத் தணலில் சாம்பிராணி போட்ட மாதிரி இருந்தது. சந்தோஷம் என்றே சொல்லிவிடலாம்.

கடைசியில் அவரிடம் கழற்ற ஒன்றும் மிச்சமில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார்.

"அவன் கீறணும்னுதான் சொன்னான்" என்றார். "நான்தான்... என் மூஞ்சியில ஓட்டை போடுவியாலன்னு கேட்டேன். ஏறிக் கட்டுலன்னு சொன்னேன்."

சின்னதாக, சுருக்காக, ஒரே ஒரு பீப்.

விசிறி கரண்டில் சுற்ற ஆரம்பித்தது. திரை வெளுத்தது. பெட்டிக்குள்ளிருந்த கடைசிக் காற்று வெளியே வந்து தங்கபுஷ்பத்தின் நெற்றியைத் தொட்டுவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டது, தூசி அந்த இடத்தில் மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. அண்ணாச்சி வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, "சரியாப் போச்சுல்லா? இனிமே எங்க காட்டுக்குப் போகும்லா?" என்று கேட்டார்.

"வழி வேணும்லா அண்ணாச்சி" என்றாள் அவள். "நீங்க அடைச்ச வழியை யாரு தொறக்க?"

திரையில் காதுகுத்து பேனர் அப்படியே இருந்தது, மரு இல்லாத கன்னமும் ஒளிவட்டமுமாக. அவள் கன்னத்தில் மருவை மட்டும் திரும்ப வைத்தாள். அதே அளவில், அதே மூன்று ஆள் உயரத்தில் அடித்தாள். பேச்சிமுத்துவின் பிச்சுவாக் கத்தியை எடுத்து, கைகூப்பிச் சிரிக்கிற அந்த முகத்தில், வாய் இருக்கிற இடத்தில், பிறைநிலா மாதிரி ஒரு கீறல் போட்டாள். அவள் சொல்லாமலே குத்தாலிங்கமும் தலையாரியும் இன்னும் நாலு பேரும் இரும்புக் கால் நட்டு, பொத்தைக்குப் போகிற பாதையின் வாசலில் அதை நிறுத்தினார்கள். வாசலில் காத்திருந்த காற்று எழுந்தது. ஊரெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, நேராகப் போய், அந்த வாய் வழியாக நுழைந்து, நிலத்துக்குள் போனது. ஒவ்வொரு காற்றாலையாகக் கையைத் தூக்கியது. நுழைகிறபோது அந்த ஓட்டை அண்ணாச்சியின் குரலிலேயே, ஒரு எழுத்துப் பிசகாமல், "என் மூஞ்சியில ஓட்டை போடுவியால?" என்றது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டிருக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள், அண்ணாச்சியின் சொந்த வாயை மூடவே உலைமூடி இல்லாமல் போயிற்று. போலீஸ்காரர்கள் எழுதியது எழுதியதாகவே இருக்கிறது, அதை யாரும் திருத்தவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்த வாக்கியத்தைப் பாட்டாகவே பாடுகிறார்கள், பஸ்ஸில் புதிதாக வந்து இறங்குகிறவர்கள் யார் குரல் அது என்று கேட்கிறார்கள், யாராவது முழுக் கதையையும் சொல்கிறார்கள். அண்ணாச்சி ஒரு தடவை ஆள் வைத்து பேனரை இறக்கிப் பார்த்தார். அந்த நிமிஷமே காற்றாலைகள் கையைத் தொங்கப் போட்டன. பொழுது சாய்வதற்குள் அவரே நின்று திரும்பக் கட்டச் சொன்னார்.

தங்கபுஷ்பத்தின் கம்ப்யூட்டர் இப்போது மற்ற கம்ப்யூட்டர்களைப் போலத்தான் ஓடுகிறது. வேலை ஓய்ந்த நேரத்தில் சில சமயம் அதன் பின்பக்கம் கையைக் கொடுத்துப் பார்ப்பாள். வெறும் சூடுதான் வரும்.

ஃப்ளெக்ஸ் வெயிலில் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது, வெளுத்துப்போய் இற்றுவிடும். ஆகவே ஒவ்வொரு ஆனியிலும், காற்றாலை நிற்பதற்குள், அண்ணாச்சி தானே நடந்து கடைக்கு வருகிறார். அவள் அதே படத்தைத் திறந்து, அதே அளவில் அடித்து, மேஜையில் விரித்து, கத்தியைக் கையில் எடுத்துக்கொள்கிறாள். எங்கே கீற வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டே கீறுவாள். இருந்தாலும் ஒவ்வொரு வருஷமும் கேட்கிறாள்.

"ஓட்டை எங்க போடணும் அண்ணாச்சி?"

அவர் விரலை எடுத்துத் தன் வாய் மேல் வைக்கிறார். அவர் அப்படி வைக்கிறவரைக்கும் அவள் கத்தியைக் கீழே இறக்குவதில்லை.